மஞ்சள் கடிதமும் பூட்டிய கேட்டும்: வாசகர் கேள்வி பதில்

பணம் தர வேண்டிய கம்பெனி கையை விரித்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி ஆறு மாதமாக ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. அவற்றில் சிலவற்றை இந்த இதழுக்கென்று சேர்த்துவைத்தேன். கடன் விவகாரம் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டேன்; தொழிலும் ஊரும் போதும். என்னைத் தெரியாத புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கம்பெனி செக்ரட்டரியாக இருந்து, 2017-க்குப் பிறகு நொடித்த கம்பெனிகளின் சாவிக்கொத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவள். சட்டம் எனக்கு வைத்த பெயர் 'தீர்வுத் தொழில்முறையாளர்'. ஆலை வாசல்களில் எனக்கு வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

வார்ப்பட ஆலை உரிமையாளர், கோயம்புத்தூர்: அம்மா, பம்ப் உதிரிப் பாகங்களுக்கு வார்ப்படம் செய்து தருகிறேன். ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி 62 லட்சம் ரூபாய் பாக்கி வைத்து 14 மாதம் ஆகிறது. போனை எடுப்பதில்லை. "என்.சி.எல்.டி.யில் போட்டால் பத்தே நாளில் ஓடி வருவான்" என்கிறார் நண்பர். போடலாமா?

போட முடியாது. என்.சி.எல்.டி. என்பது கம்பெனிகளின் நொடிப்பு மனுக்களைக் கேட்கும் தேசியத் தீர்ப்பாயம்; அதன் படியேற 62 லட்சம் போதாது. நொடிப்பு மற்றும் திவால் சட்டம் 2016-இல் வந்தபோது அதன் வாசற்படி 1 லட்சம் ரூபாய்தான். 2020 மார்ச் 24 அன்று அதை 1 கோடியாக உயர்த்திவிட்டார்கள். உங்கள் நண்பர் சொல்வது அதற்கு முந்தைய காலத்து வைத்தியம். அப்போது ஒன்றரை லட்சம் பாக்கிக்கும் நோட்டீஸ் போகும். பத்து நாள் கெடு முடிவதற்குள் முதலாளியே கணக்குப்பிள்ளையை அனுப்பிப் பணத்தைக் கட்டிவிடுவார். மனு ஏற்கப்பட்டால் கம்பெனி கையை விட்டுப் போய்விடுமே என்ற பயம்.

உங்களைப் போலவே ஏமாந்த இன்னொரு சப்ளையரைச் சேர்த்துக்கொண்டு இருவர் பாக்கியையும் கூட்டிக் காட்டவும் வழியில்லை. கடன் கொடுத்த வங்கிகள் சேர்ந்து மனுப் போடலாம். சரக்குக் கொடுத்தவர்கள் தனித்தனியாகத்தான் போட வேண்டும். பில்லில் வட்டி வாசகம் இருந்தால் வட்டியையும் அசலோடு சேர்த்துக் கணக்குக் காட்டலாம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. 62 லட்சம் ஒரு கோடியாக வளர 14 மாதம் போதுமானால் அந்த வட்டியைப் பற்றித்தான் நான் தனியாக எழுத வேண்டியிருக்கும்.

கோடி ரூபாய் பாக்கி இருந்தாலும் இன்னொரு தடை இருக்கிறது. நீங்கள் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே "சரக்கில் குறை" என்று அவர்கள் ஒரு மின்னஞ்சல் போட்டு வைத்திருந்தால், மனு வாசலிலேயே திரும்பிவிடும். தகராறு உண்மையில் இருந்தால் போதும், அது கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. உங்கள் வார்ப்படத்தில் புளோ ஹோல் (காற்றுத் துளை) இருந்தது, இத்தனை உருப்படியைத் தள்ளினோம் என்று எப்போதாவது எழுதினார்களா? பழைய மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள். இந்தச் சட்டம் கடன் வசூலுக்கு வந்ததல்ல என்று நீதிபதிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நாம்தான் அதை வசூல் ஆளாகப் பார்க்கிறோம்.

உங்களுக்கு உரிய இடம் வேறு. சரக்கு அனுப்புவதற்கு முன்பே உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு, வைத்திருந்தீர்களா? குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தமே இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று உள்ள வசதிக் கவுன்சிலில் இணையவழியிலேயே புகாரைப் பதியலாம். கவுன்சில் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னால், அதை எதிர்த்து வழக்காடப் போகிற கம்பெனி தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் படியேற முடியும். எனக்குத் தெரிந்து சிறுதொழில்காரருக்கு இதைவிடக் கூர்மையான ஆயுதம் இல்லை. இன்னொரு நெருக்கடியும் அவர்களுக்கு உண்டு: உங்களுக்கு உரிய நாளில் தராத தொகையை, தரும் வரை, அவர்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் இதை நினைவூட்டி ஒரு கடிதம் போடுங்கள். மரியாதையாகவே போடுங்கள்.

என் அப்பா அட்டைப்பெட்டி செய்து கொடுத்தார். மேஜை மேல் ஒரு கம்பி நட்டிருக்கும். டெலிவரி சலான்களை அதில் குத்தி வைப்பார். ஒரு பெரிய வாடிக்கையாளர் பணம் தராதபோது, அந்தக் கம்பியிலிருந்து 41 சலான்களை உருவி வக்கீலிடம் கொண்டுபோனோம். முக்கால்வாசியில் 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது. கேட்டில் நின்ற காவலாளி போட்ட கோடு. பெயரில்லை, சீல் இல்லை, தேதியில்லை. அந்தக் கோட்டுக்கு உரியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் சொல்கிறேன்: நாளைக்கே உங்கள் சலான்களை எடுத்து, எதில் சீல் இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்து வையுங்கள். பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு அந்தக் கம்பெனியிடமிருந்து ஒரு வரி எழுத்தில் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள்; கையெழுத்தான தேதியிலிருந்து மூன்று வருடக் காலக்கெடு புதிதாக ஓடத் தொடங்கும்.

பேக்கிங் பொருள் சப்ளையர், ஓசூர்: எங்களுக்கு 1.4 கோடி தர வேண்டிய கம்பெனி மீது வங்கி போட்ட மனு ஏற்கப்பட்டுவிட்டதாகப் பத்திரிகையில் சின்ன எழுத்தில் அறிவிப்பு வந்திருக்கிறது. வங்கிக்கே பல கோடி. எங்களுக்கு எதுவும் வராது, அலைச்சல் வேண்டாம் என்கிறார் பார்ட்னர். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அந்தச் சின்ன எழுத்தில் ஒரு கடைசித் தேதி இருக்கும். இடைக்காலத் தீர்வாளர் (மனு ஏற்கப்பட்டதும் நிர்வாகத்தைக் கையில் எடுக்கும் என்னைப் போன்றவர்) நியமனமானதிலிருந்து 14 நாள். படிவம் 'பி'யை நிரப்பி, பில், சலான், லெட்ஜர் நகல், வங்கிக் கணக்கு விவரம் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 14 நாள் போய்விட்டது என்றாலும் மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 90 நாள் வரை இடம் உண்டு. ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். காரணம் சொல்வதைவிட உரிய நாளில் அனுப்பிவிடுவது எளிது.

ஏன் இவ்வளவு அவசரம்? நாளைக்கு யாராவது அந்தக் கம்பெனியை எடுத்து நடத்த முன்வந்து, அவர் தரும் தீர்வுத் திட்டத்தைத் தீர்ப்பாயம் ஏற்றுவிட்டால், அந்தத் திட்டத்தில் இல்லாத பாக்கி அன்றோடு செத்துப்போகிறது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை ஐயமில்லாமல் சொல்லிவிட்டது. வரி பாக்கி கேட்டுக்கொண்டிருந்த அரசுத் துறைகளுக்கே அதுதான் கதி. புது முதலாளியின் வாசலில் போய்ப் பழைய பில்லை நீட்ட முடியாது.

எவ்வளவு வரும் என்பதில் உங்கள் பார்ட்னர் சொல்வதில் பாதி உண்மை. கம்பெனியை மீட்பதா கலைப்பதா என்று வாக்களிப்பது வங்கிகள் போன்ற நிதிக் கடன்காரர்களின் குழு. நூற்றுக்கு 66 வாக்கு மதிப்பு இருந்தால் திட்டம் தேறும். உங்களைப் போன்ற சப்ளையர்களுக்கு வாக்கு இல்லை. உங்கள் வகையினரின் மொத்தப் பாக்கி முழுக் கடனில் 10 சதவீதத்தைத் தொட்டால் உங்கள் பிரதிநிதி ஒருவர் கூட்டத்தில் உட்காரலாம், அவ்வளவுதான். உங்களுக்குச் சட்டம் தரும் காப்பு என்னவென்றால், கம்பெனியைக் கலைத்திருந்தால் உங்களுக்கு என்ன வந்திருக்குமோ அதற்குக் குறையாமல் திட்டத்தில் தர வேண்டும். கலைத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று பார்த்தால், பெரும்பாலும் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யம் எப்படி வருகிறது என்றால், கலைப்பில் கிடைக்கும் பணத்துக்கு வரிசை இருக்கிறது. முதலில் இந்த நடைமுறையின் செலவு, என் சம்பளம் உட்பட. அடுத்து, தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும், சொத்தை அடமானமாகப் பிடித்திருக்கும் கடன்காரர்களும், தோளோடு தோள். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். பிறகு அடமானமில்லாத நிதிக் கடன். பிறகு அரசுக்கு உரியது. அதற்கும் பிறகுதான் 'மீதிக் கடன்கள்' என்ற வரியில் நீங்கள். உங்களுக்குக் கீழே பங்குதாரர்கள் மட்டும். வராத அந்தப் பணத்துக்கு நீங்கள் ஜி.எஸ்.டி. கட்டியிருப்பீர்கள், பணம் மூழ்கியதால் வரியைத் திருப்பிக் கொடு என்று கேட்கவும் இடமில்லை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பது என் தனிப்பட்ட கருத்து.

ஆனால் கம்பெனி இன்னும் ஓடுகிறதா? ஓடினால் உங்களுக்கு வேறொரு கதவு இருக்கிறது. மனு ஏற்கப்பட்ட தேதிக்குப் பிறகு நீங்கள் அனுப்பும் பெட்டிக்கான பணம் நடைமுறைச் செலவில் சேரும். அதாவது கடைசி வரிசையில் நிற்கும் நீங்கள் புது பில்லுக்கு முதல் வரிசைக்கு வருகிறீர்கள். தீர்வாளரிடம் எழுத்தில் ஆர்டர் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். பழைய பாக்கியைத் தந்தால்தான் புதுச் சரக்கு என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அவர் நினைத்தாலும் பழையதைத் தர முடியாது. உங்கள் சொந்த டையோ பிளாஸ்டிக் கிரேட்டோ அந்த ஆலைக்குள் கிடந்தால், அது உங்களுடையது என்று ஆதாரத்தோடு இப்போதே எழுதிக் கொடுங்கள். கம்பெனி மீது வழக்கும் வசூலும் கூடாது என்ற தடைக்காலம் நடப்பதால் லாரியைக் கொண்டுபோய் உடனே ஏற்றிவர முடியாது, ஆனால் ஏலப் பட்டியலில் ஏறிவிடாமல் தடுக்கலாம்.

ஆலைத் தொழிலாளியின் மகள், ராஜபாளையம்: அப்பா நூற்பாலையில் 22 வருடம் நூற்பு இயந்திரம் பார்க்கும் சைடராக இருந்தார். 2023 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதச் சம்பளம் தரவில்லை, நவம்பரில் பூட்டிவிட்டார்கள். 2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் கம்பெனியைக் கலைக்க உத்தரவாகியிருக்கிறது. அப்பாவிடம் அடையாள அட்டையும் ஒரு போனஸ் சீட்டும் மட்டும்தான் இருக்கின்றன. பணம் வருமா?

உங்கள் கடிதத்தைப் படித்தபோது நான் பொறுப்பேற்ற ஒரு நூற்பாலை கண்முன் வந்தது. வேறு ஊர், வேறு கம்பெனி. கேட்டின் பூட்டைத் திறக்கவே அரைமணி ஆயிற்று. சாவித் துவாரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. உள்ளே ரிங் ஃபிரேம்களில் நூல் பாதி சுற்றிய காப்கள் அப்படியே நின்றன. மின்சாரம் போன நொடியில் நின்றவை. மேலே வெள்ளையாகப் பஞ்சுத் தூசி. டைம் ஆபீஸில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்தது: தகரத் தட்டில் வரிசையாக வருகை அட்டைகள், கடைசி நாள் வரை குத்தியவை. அன்றைக்கு வாசலில் காத்திருந்த பெரியவர் ஒருவர் உங்கள் அப்பாவைப் போலவே அடையாள அட்டையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தத் தட்டில் அவருடைய அட்டை இருந்தது. அவர் கேட்ட தொகைக்கு அந்த அட்டைதான் சாட்சி.

ஆகவே ஆதாரம் இல்லையே என்று ஒதுங்காதீர்கள். கலைப்பாளர் கம்பெனியின் சொந்தப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கடமைப்பட்டவர். அடையாள அட்டை, போனஸ் சீட்டு, சம்பளம் விழுந்த வங்கிப் பாஸ் புத்தகம், பி.எஃப். கணக்கு விவரம் ஆகியவற்றின் நகலோடு உரிமைக் கோரிக்கையைக் கொடுங்கள். சங்கம் இருந்தால் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கலாம்.

இப்போது வலிக்கும் கணக்கு. தொழிலாளிக்கு முன்னுரிமை உள்ள 24 மாதத்தை ஆலை பூட்டிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. கலைப்பு தொடங்கிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து பின்னால் போனால் 2023 ஆகஸ்ட் வரைதான் வருகிறது. ஆக, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் சம்பளம் வங்கியோடு சமமாக நிற்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான நான்கு மாதம், மேலே ஓசூர் வாசகர் நிற்கிற கடைசி வரிசைக்குப் போய்விடும். வழக்கு நீள நீளத் தொழிலாளியின் மாதங்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுகின்றன. மீட்புக்கும் கலைப்புக்கும் இடையே கம்பெனி எத்தனை நாள் தொங்கலாம் என்பதற்குச் சட்டம் வைத்த எல்லை 330 நாள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஜூனில் உள்ளே போனது. மீட்புத் திட்டமெல்லாம் ஒப்புதலாகியும் 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொல்லித்தான் முடிந்தது. பெரிய கம்பெனிக்கே இப்படி.

பி.எஃப். பணம் இந்த வரிசையிலேயே சேராது. அது கம்பெனிச் சொத்தல்ல, வேலை செய்தவருடையது. கலைப்பாளர் அதைப் பங்குபோட முடியாது. அப்பாவிடம் பிடித்த தொகையைக் கம்பெனி கட்டியதா என்று முதலில் பி.எஃப். கணக்கில் பாருங்கள், கட்டவில்லை என்றால் அதைத் தனித் தொகையாகவே கோருங்கள். கிராஜுவிட்டியும் அதே காப்புக்குள் வரும், ஆனால் அதற்கென்று கம்பெனி தனி நிதி வைத்திருந்ததா என்பதில் தகராறு வருவது வழக்கம். எப்படியானாலும் 22 வருடத்துக்கான தொகையைக் கணக்கிட்டுக் கோரிக்கையில் எழுதிவிடுங்கள். எழுதாததை யாரும் தரப் போவதில்லை.

இல்லத்தரசி, சேலம்: என் கணவரின் கம்பெனிக்கு வங்கிக் கடன் 3 கோடி. நான் பெயருக்கு டைரக்டர். "இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து" என்றார், போட்டேன். இப்போது கம்பெனி கலைப்புக்குப் போகிறது. என் பெயரில் உள்ள வீடு தப்புமா?

எங்கே போட்டீர்கள் என்பதுதான் எல்லாம். டைரக்டர் என்ற முறையில் போட்ட கையெழுத்து, மோசடி எதுவும் இல்லாதவரை, உங்கள் வீட்டைத் தொடாது. 'லிமிடெட்' என்ற சொல்லுக்குப் பொருளே அதுதான். தனிப்பட்ட உத்தரவாதப் பத்திரத்தில் போட்டிருந்தால் கதை வேறு: கடன் வாங்கிய கம்பெனிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு உங்களுக்கும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்வது இது. கம்பெனியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டு வா என்று வங்கியிடம் சொல்ல முடியாது. கம்பெனிக்குக் கிடைக்கும் தடைக்காலப் பாதுகாப்பு உத்தரவாதம் தந்தவருக்குக் கிடையாது. கம்பெனிக்கு மீட்புத் திட்டம் தேறினாலும் உத்தரவாதம் தானாக நீங்காது. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதையும் உறுதிசெய்துவிட்டது.

வங்கிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டு, நீங்கள் கையெழுத்திட்ட எல்லா ஆவணங்களின் நகலையும் கேளுங்கள். வீட்டுப் பத்திரம் இப்போது உங்கள் பீரோவில் இருக்கிறதா, வங்கியில் இருக்கிறதா? வங்கியில் என்றால் அது அடமானம். 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும், அது முடிந்தால் வங்கி நேரடியாகவே வீட்டைக் கைப்பற்றலாம். பீரோவில் என்றால் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. உத்தரவாதம் தந்தவர் தானே தீர்ப்பாயத்துக்குப் போய்த் திருப்பிச் செலுத்தும் திட்டம் தரவும் 2019 டிசம்பர் முதல் வழி இருக்கிறது. மனுப் போட்டவுடனேயே அந்தக் கடன் மீதான வசூல் வழக்குகளுக்கு இடைக்காலத் தடை வரும். திட்டம் தேற, வாக்களிக்கும் கடன்காரர்களில் மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் சம்மதிக்க வேண்டும்.

வீட்டை இப்போது அண்ணன் பெயருக்கு மாற்றிவிடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. இருக்கிற பிரச்சினையோடு மோசடிப் பட்டமும் சேரும்.

ஜவுளி ஏற்றுமதியாளர், கரூர்: பிரைவேட் லிமிடெட். 40 பேர் வேலை செய்கிறார்கள். ஒரு பெரிய ஆர்டர் ரத்தானதால் 4 கோடிக் கடனில் இரண்டு தவணை தவறிவிட்டது. தறியும் ஆளும் ஆர்டரும் இருக்கின்றன, கைப்பணம்தான் இல்லை. மூடாமல் காப்பாற்ற வழி உண்டா? தங்கை கணவர் கம்பெனிக்குக் கொடுத்த 18 லட்சத்தை முதலில் தீர்த்துவிட்டால் நிம்மதி.

இந்த முறை வந்த கடிதங்களில் நேரத்தோடு வந்தது உங்களுடையது ஒன்றுதான்.

முதலில் தங்கை கணவர். தராதீர்கள். கம்பெனி பின்னால் தீர்வு நடைமுறைக்குள் போனால், உறவினருக்குக் கொடுத்ததை இரண்டு வருடம் பின்னோக்கித் தோண்டிப் பார்ப்பார்கள். வெளியாருக்கு என்றால் ஒரு வருடம். மற்ற கடன்காரர்கள் நிற்கும்போது ஒருவரை மட்டும் முன்னால் தள்ளிவிட்டதாகத் தெரிந்தால், அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கச் சொல்லி உத்தரவு வரும். நான் அப்படி ஒரு மாமனாரிடமிருந்து வாங்கியிருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் இன்னமும் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி. தங்கை வீட்டில் நேரில் போய் நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, நாட்களை எண்ணுங்கள். வங்கிக் கணினி உங்கள் கணக்கை மூன்று படியாக வைத்திருக்கிறது: 30 நாள் வரை ஒன்று, 60 வரை ஒன்று, 90 வரை ஒன்று. 90 தாண்டினால் வாராக்கடன். இரண்டு தவணை என்றால் நீங்கள் நடுப்படியிலோ கடைசிப் படியிலோ நிற்கிறீர்கள். 25 கோடி வரை கடன் உள்ள சிறுதொழில்களுக்கு, வாராக்கடன் ஆகும் முன்பே மறுசீரமைப்புப் பற்றிப் பேச ஒவ்வொரு வங்கியிலும் ஒரு குழு இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. கிளை மேலாளர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் சிறுதொழில் என்று சான்றோடு நீங்கள்தான் உரிய நேரத்தில் போய்ச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து ஏலம் வரும்போது சொன்னால் ஏற்க முடியாது என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உத்யம் சான்று, கையில் உள்ள ஆர்டர்கள், அடுத்த 12 மாதம் எந்த மாதத்தில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்ற ஒரு தாள் போதும். அந்தத் தாளில் பொய் எழுதாதீர்கள். 'நிலைமை சீராகும்' என்று எழுதிய தாள்கள் என்னிடம் ஒரு பீரோ நிறைய இருந்தன.

அது பலிக்கவில்லை என்றால், 2021-இல் சிறுதொழில்களுக்கென்று வந்த முன்கூட்டிய தீர்வு முறை. 10 லட்சம் பாக்கியிருந்தாலே இதற்குள் போகலாம். இதன் சிறப்பு, நாற்காலி உங்களிடமே இருக்கும். என்னைப் போன்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்போம். தீர்வுத் திட்டத்தை நீங்களே தயாரித்து, 66 சதவீத மதிப்புள்ள நிதிக் கடன்காரர்களின் சம்மதத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டு தீர்ப்பாயம் போக வேண்டும். 120 நாளில் முடிய வேண்டும். சாதாரண முறையில் போனால் தீர்வாளர் பொறுப்பேற்ற நாளே நிர்வாகம் உங்கள் கையை விட்டுப் போகும். 66 சதவீத வாக்கு மதிப்புள்ளவர்கள் கலைத்துவிடு என்றால் கலைப்புதான். வங்கி இந்த முன்கூட்டிய முறைக்கு ஆர்வம் காட்டுவதில்லை என்பது என் அனுபவம். ஆனாலும் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, இனித் தேறாது என்று உங்களுக்கே தெரிந்த நாள் வந்தால், அதன்பிறகு யாரிடமும் கடனுக்கு நூல் வாங்காதீர்கள். தெரிந்தே வாங்கியதாக நிரூபணமானால் அந்த இழப்பைச் சொந்தப் பணத்திலிருந்து கொடு என்று டைரக்டருக்கு உத்தரவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பாத்திர வியாபாரி, கும்பகோணம்: தனி உரிமையாளர். கடன் கழுத்தை நெரிக்கிறது. மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

தீராது. நீங்கள் கம்பெனி அல்ல, ஆகவே மேலே எழுதிய எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு இன்னமும் 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான். நீதிமன்றம் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்தால் சொத்து உங்கள் கையை விட்டுப் போய், கடன்காரர்களுக்குப் பிரித்துத் தரப்படும். கடைசியில் நீதிமன்றம் விடுதலை உத்தரவு தந்தால்தான் கடன் நீங்கும். கடிதம் கொடுத்த நாளில் அல்ல. கடன்காரர்கள் ஆறு பேர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு பேரையும் ஒரே நாளில், ஒரே அறையில் உட்காரவைத்து, யாருக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் காட்டிப் பேசிப் பாருங்கள். தனித்தனியாகப் பேசினால் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கொடுத்துவிட்டதாகவே நினைப்பார்.

நூல் வியாபாரி, ஈரோடு: ஒரு கம்பெனி கொடுத்த காசோலை திரும்பிவிட்டது. அதற்குள் கம்பெனி மீது தீர்வு நடைமுறை தொடங்கித் தடைக்காலம் வந்துவிட்டது. செக் வழக்கும் போடக் கூடாதாமே?

கம்பெனி மீது, தடைக்காலம் முடியும் வரை கூடாது. காசோலையில் கையெழுத்திட்ட டைரக்டர் மீது போடலாம். அவருக்குத் தடைக்காலம் குடையாகாது என்பது 2021 மார்ச் 1 தீர்ப்பு. காசோலை திரும்பிய தகவல் உங்களுக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். நீங்கள் இணைத்திருந்த வங்கி மெமோவின் தேதியைப் பார்த்தேன். உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோதே 22 நாள் போயிருந்தது. இதழ் அச்சாகி வரும் வரை காத்திருக்கக் கூடாதென்று அன்று மாலையே உங்களுக்குத் தனியாக எழுதிப் போட்டேன். கிடைத்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.